அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் எப்படி மேலே வந்தார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "1880க்கும் 1920க்கும் இடையில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏராளமானவர்கள் பிழைக்கப் போனார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் கிடந்து, தொழிற்சாலையில் மாடாய் உழைத்து, ஒரே தலைமுறையில் மேலே வந்துவிட்டார்கள் என்கிறார்கள். நிலைமை அவ்வளவு மோசம் என்று தெரிந்தும் ஏன் போனார்கள்? நிஜமாகவே உழைப்பால்தான் முன்னேறினார்களா?"

உழைத்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உழைப்பு மட்டுமே ஆளை மேலே கொண்டுவரும் என்றால், தினமும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவர்கள் ஏன் வருடக்கணக்கில் அதே இருட்டறையில் கிடந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் காலகட்டத்தைப் பல வருடங்களாகப் படித்துவருபவன் என்ற முறையில் நான் புரிந்துகொண்டது இதுதான். ஊர், உறவு, மொழி என்ற கட்டு அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர்களைக் கூலிக்கு மலிவாக்கியதும் அதே கட்டுதான். பிறகு முதலாளிக்கு எதிரே ஒன்றாக எழுந்து நிற்க வைத்ததும் அதுதான். நியூயார்க்கின் தையல் தொழிலை வைத்துப் பெரும்பாலும் சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி அது, விஷயம் பளிச்சென்று தெரிகிற இடமும் அதுவே.

ஏன் போனார்கள் என்பதற்கு "வறுமை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். வறுமை அதற்கு முன்னாலும் இருந்ததுதான். 1870களுக்குப் பிறகு புதிதாக ஒன்று நடந்தது. அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் விளைந்த கோதுமை, ரயில் ஏறிக் கப்பல் ஏறி ஐரோப்பியச் சந்தையில் வந்து குவிந்தது. தானிய விலை சரிந்தது. தெற்கு இத்தாலியிலும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கிராமங்களிலும் துண்டு நிலத்தை நம்பியிருந்தவன், விளைந்ததை விற்று வரி கட்டக்கூட முடியாமல் திணறினான். அவன் விவசாயத்தை முடக்கிய அதே நீராவிக் கப்பல்தான் அவனையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போனது. ரஷ்யப் பேரரசின் யூதர்களுக்கு வேறு காரணமும் இருந்தது. 1881இல் இரண்டாம் அலெக்சாண்டர் மன்னர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கும்பல் வன்முறை கிளம்பியது. அடுத்த வருடமே அவர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறக் கூடாது என்று சட்டம் வந்தது. 1903இல் கிஷினேவ் நகரப் படுகொலை. இத்தாலியர்களில் பலர் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தோடுதான் போனார்கள், கிட்டத்தட்டப் பாதிப் பேர் திரும்பவும் செய்தார்கள். யூதர்களுக்குத் திரும்ப இடமில்லை. குடும்பத்தோடு போனார்கள், அங்கேயே தங்கினார்கள்.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல யாரும் போகவில்லை. முதலில் போன அண்ணனோ மாமனோ டிக்கெட் வாங்கி அனுப்புவார். கடிதத்தில் தெருப்பெயர், வேலை, கூலி எல்லாம் இருக்கும். மோசம் என்பதும் இருக்கும். வாரக் கூலி இத்தனை டாலர் என்று படிக்கும்போது, ஊரில் அது எத்தனை மாத வருமானம் என்றுதான் கணக்கு ஓடும். அங்கே வாடகையும் ரொட்டியும் என்ன விலை என்பது போய் இறங்கிய பிறகுதான் உறைக்கும்.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1ஆம் தேதி திறந்தது. 1907இல் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் வழியாக உள்ளே வந்தார்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். கப்பலின் அடித்தட்டில் மலிவு டிக்கெட்டில் வந்தவர்களைத்தான் தீவுக்குக் கொண்டுபோவார்கள். மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்குகிறதா, நொண்டுகிறார்களா என்று மருத்துவர்கள் கவனிப்பார்கள். சந்தேகம் வந்தால் கோட்டின் மேல் சாக்குக்கட்டியால் ஒரு எழுத்து. கண் இமையை மடக்கி டிராக்கோமா நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்தது விசாரணை. "உனக்கு வேலை ஏற்பாடாகியிருக்கிறதா?" என்ற கேள்விதான் கண்ணி. ஆமாம் என்று சொன்னால் போச்சு. வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அழைத்துவரக் கூடாது என்று 1885இல் சட்டம் வந்திருந்தது. இல்லை என்றும் சொல்ல வேண்டும், உழைத்துப் பிழைத்துக்கொள்வேன் என்றும் நம்பவைக்க வேண்டும். இந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவதும் உறவினர்களே. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். (அதிகாரிகள் அங்கே பெயரை மாற்றி எழுதினார்கள் என்பது இன்றும் பரவலாகச் சொல்லப்படும் கட்டுக்கதை. ஏறின துறைமுகத்தில் எழுதிய கப்பல் பட்டியலை வைத்துத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பிற்பாடு தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள்.)

படகில் மன்ஹாட்டன் இறங்கியவர்களில் பெரும்பாலான யூதர்கள் போய்ச் சேர்ந்த இடம் லோயர் ஈஸ்ட் சைட். அங்கே மனை என்பது 25 அடி அகலம், 100 அடி நீளம். அந்த மனையில் ஐந்து, ஆறு மாடிக் கட்டடம். ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருப்பதால் உள்ளே போய்ப் பார்க்கலாம். 1863இல் கட்டியது. ஒரு மாடிக்கு நான்கு வீடு, ஒவ்வொன்றிலும் மூன்று அறை. மூன்றும் சேர்ந்தே 325 சதுர அடிதான். முன்னறைக்கு மட்டும் வெளிப்பக்கம் ஜன்னல். நடுவில் சமையலறை, அதற்குப் பின்னால் வெளிச்சமே எட்டாத படுக்கையறை. கழிப்பறை பின்கட்டில், எல்லோருக்கும் பொது. 1935இல் மூடப்படும்வரை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த சுமார் 7000 பேர் அந்த ஒரே கட்டடத்தில் மாறி மாறி வாழ்ந்திருக்கிறார்கள்.

1890களில் அந்த மாதிரி வீடுகளில் பல, காலையில் தையற்கூடமாகிவிடும். வெளிச்சம் வருகிற முன்னறை ஜன்னலோரத்தில் மெஷின் ஓட்டுபவர். பக்கத்தில் தரையிலோ முக்காலியிலோ உட்கார்ந்து ஓட்டுத்தையல் போடுபவர். சமையலறை அடுப்பில் இஸ்திரிப் பெட்டிகள் காய்ந்துகொண்டிருக்கும், இஸ்திரி போடுபவருக்கு அந்த அடுப்படிதான் இடம். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, பிசிர் வெட்டுவதெல்லாம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்திலும் இஸ்திரிக்காக அடுப்பு எரிந்தே ஆக வேண்டும். அதே அடுப்பில்தான் சமையல். அதே அறையில்தான் கைக்குழந்தையும் தூங்க வேண்டும். ராத்திரி துணி மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அதன் மேலேயே படுப்பார்கள். காசநோய்க்கு அங்கே "தையல்காரர் நோய்" என்றே பெயர் விழுந்தது.

இந்தக் கூடத்தை நடத்தியவன் பெரிய முதலாளி இல்லை. வெட்டிய துணியைப் பெரிய நிறுவனத்திடமிருந்து கட்டுக்கட்டாக வாங்கி, பீஸுக்கு இவ்வளவு என்று பேசி, தைத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். நாலைந்து வருடம் முன்னால் அவனும் மூட்டையோடு இறங்கியவன்தான். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை அறிந்த நமக்கு இந்த ஆளைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. சொந்த ஊர்க்காரனையே வேலைக்கு வைப்பான். இடம் கொடுப்பான், முன்பணம் கொடுப்பான், மொழி தெரியாத ஊரில் துணையாக இருப்பான். சனிக்கிழமை ஓய்வு நாளாகக் கடைப்பிடிக்கும் யூதருக்கு வெளியே வேலை கிடைப்பது சிரமம், இவன் சனிக்கிழமை விட்டு ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்குவான். ஆகவே அவனிடம் போவதில் நியாயமும் இருந்தது. பக்கத்துக் கான்ட்ராக்டர் ஒரு சென்ட் குறைத்துப் பேசினால் இவனும் குறைக்க வேண்டும், அந்த ஒரு சென்ட் தைப்பவர்களின் கூலியிலிருந்துதான் போகும். நேற்று இறங்கியவன் எந்தக் கூலிக்கும் ஒத்துக்கொள்வான் என்பதால் பழைய ஆள் வாயைத் திறக்க முடியாது. பெரிய நிறுவனமோ தன் கையில் அழுக்குப் படாமல் தள்ளி நின்றது. தையல் தொழிலில் சீசன் வேறு உண்டு. சீசனில் ராத்திரி பகலாக வேலை, சீசன் முடிந்தால் வாரக்கணக்கில் சும்மா.

இந்த நகர வாழ்க்கையைத் தாங்கிப் பிடித்தவர்கள் பெண்கள். கூலிக் கணக்கில் இவர்கள் வரவே மாட்டார்கள். வாடகை கட்ட வேண்டுமென்றால் வீட்டில் ஒன்றிரண்டு பேரை வாடகைக்குத் தங்கவைப்பது வழக்கம். அவர்களுக்கும் சேர்த்துச் சமைப்பது, துவைப்பது, தண்ணீர் சுமந்து மாடி ஏறுவது, நிலக்கரி சுமப்பது எல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் தலையில். தெருவில் இறங்கினால் ஹெஸ்டர் தெரு முழுக்கத் தள்ளுவண்டி. மீன், ஊறுகாய், ஒற்றைச் செருப்பு, உடைந்த முட்டைகூடக் கிடைக்கும். அதற்குமேல் குதிரைச் சாணம். 1895இல் ஜார்ஜ் வாரிங் என்பவர் துப்புரவுத் துறைத் தலைவராக வந்து, துப்புரவாளர்களுக்கு வெள்ளைச் சீருடை கொடுத்து, குப்பையை நிஜமாகவே அள்ளவைத்தார். அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட தெருக்களில் தரையே கண்ணில் பட்டது. ஏழைத் தெரு அழுக்காக இருப்பது அங்கே குடியிருப்பவர்களின் பழக்கத்தால்தான் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. மாநகராட்சி வேலை செய்தது, தெரு சுத்தமானது, அவ்வளவுதான்.

இந்த நெரிசலுக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழ்பவர்களுக்குள் ரகசியம் கிடையாது. யாருக்கு எவ்வளவு கூலி, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர்ப்பெயரில் சங்கங்கள் இருந்தன. மாதச் சந்தா கட்டினால் நோய்க்கு மருத்துவர், செத்தால் இடுகாட்டில் இடம். 1897இல் இத்திஷ் மொழியில் "ஃபார்வர்ட்" நாளிதழ் தொடங்கி, கூலி, வேலைநிறுத்தம், குடும்பப் பிரச்சினை எல்லாவற்றையும் அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதியது. 1902 மே மாதம் ஒன்று நடந்தது. யூத முறைப்படி வெட்டிய மாட்டிறைச்சியின் விலை பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட் ஆனது. லோயர் ஈஸ்ட் சைட் குடும்பப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, கடைகளைப் புறக்கணித்தார்கள். மீறி வாங்கியவர்களின் கையிலிருந்து இறைச்சியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள். போலீஸ் அடித்தது, பலரைக் கைது செய்தது. சில வாரத்தில் விலை 14 சென்ட்டுக்கு இறங்கியது. 1904இலும் 1907-08இலும் வாடகை உயர்வை எதிர்த்து இதே தெருக்களில் இதே முறையில் போராட்டம். தொழிற்சங்கம் என்ன என்று அறியாத பெண்கள் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். அந்தப் பெண்களின் மகள்கள்தான் பின்னால் தொழிற்சாலை வாசலில் நின்றவர்கள்.

1892இல் ஒரு மாநிலச் சட்டம், குடும்பத்தார் அல்லாதவர்களை வைத்து ஒண்டுக்குடித்தன வீட்டில் தைப்பதைத் தடுத்தது. மின்சாரமும் வந்துவிட்டதால் தையல் தொழில் மெல்ல மெல்லப் புதிய பல மாடிக் கட்டடங்களுக்கு நகர்ந்தது. ஆளுக்கு 250 கன அடி காற்று இருக்க வேண்டும் என்பது விதி. கூரை உயரமாக இருந்தால் அந்தக் கணக்கு தானாகச் சரியாகிவிடும், தரையில் ஆட்களை நெருக்கி உட்காரவைக்கலாம். வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகிலுள்ள ஆஷ் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய ட்ரையாங்கிள் நிறுவனம் அப்படிப்பட்டது. மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற இரண்டு உரிமையாளர்களும் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து தையல் தொழிலிலேயே வளர்ந்தவர்கள். பெண்கள் மேல்சட்டைதான் சரக்கு. அப்போதைய ஃபேஷன் அது.

1909 செப்டம்பரில் அந்த நிறுவனத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேறு சில கம்பெனிகளிலும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நிலைமை இப்படி: ஊசிக்கும் நூலுக்கும் மின்சாரத்துக்கும் கூலியில் பிடித்தம். சில இடங்களில் உட்காரும் நாற்காலிக்கும் பிடித்தம். கடிகாரத்தைத் திருப்பிவைத்து நேரத்தைத் திருடுவது. வெளியே மறியலில் நின்ற பெண்களை அடியாட்கள் அடித்தார்கள். உக்ரைனில் பிறந்த கிளாரா லெம்லிச் என்ற இளம் தையல்காரிக்கு விலா எலும்புகள் முறிந்தன. நவம்பர் 22ஆம் தேதி கூப்பர் யூனியன் மண்டபத்தில் கூட்டம். தலைவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டே போனார்கள். லெம்லிச் மேடையேறி, பேச்சைக் கேட்டுப் பொறுமை போய்விட்டது, பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று இத்திஷில் சொன்னார். மண்டபமே எழுந்தது. துரோகம் செய்தால் உயர்த்திய இந்தக் கை வற்றிப்போகட்டும் என்று பழைய யூத உறுதிமொழியின் சாயலில் சத்தியம் எடுத்தார்கள்.

மறுநாள் தொடங்கி 20,000 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுப் பெண்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. ஒரே தெரு, ஒரே மாடிப்படி, ஒரே மொழி. செய்தி போக வேண்டிய தூரம் அவ்வளவுதான். மலிவான ஆளைத் தேடி ஊர்க்காரர்களையே நிரப்பிவைத்த கான்ட்ராக்டர், அவர்கள் ஒருவரை ஒருவர் நம்புவார்கள் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. இத்தாலியப் பெண்களை இழுப்பது மட்டும் சிரமமாக இருந்தது. கூட்டங்கள் இத்திஷில் நடந்தன, வந்தவர்களில் பலருக்கு ஒன்றும் புரியவில்லை. தொழிற்சங்கம் அப்போது இத்தாலிய மொழி பேசும் அமைப்பாளர்களைப் போதிய அளவு வைத்திருக்கவில்லை. இத்தாலியப் பெண்களுக்குப் போராட்டக் குணம் இல்லை என்று அன்று பேசியவர்கள் இதைக் கவனிக்கத் தவறினார்கள். அடுத்த சில வருடங்களில் அந்தப் பெண்களே அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார்கள்.

1910 பிப்ரவரியில் போராட்டம் முடிந்தபோது, பெரும்பாலான கம்பெனிகள் சங்கத்தை ஏற்றுக்கொண்டு, வாரம் 52 மணி நேரம் என்று கையெழுத்திட்டிருந்தன. ட்ரையாங்கிள் கூலியை உயர்த்தியது, நேரத்தைக் குறைத்தது, சங்கத்தை மட்டும் ஏற்கவில்லை. கதவுகளைப் பூட்டக் கூடாது, தீ வந்தால் இறங்கச் சரியான படி வேண்டும் என்ற கோரிக்கைகளும் நிறைவேறவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. மாலை 4.40 சுமாருக்கு எட்டாவது மாடியில் கட்டிங் மேஜைக்குக் கீழே துணிக்கழிவுத் தொட்டியில் தீ பிடித்தது. அணையாத சிகரெட் துண்டு காரணமாக இருக்கலாம் என்றார்கள். மேலே கம்பியில் காகித அளவுமாதிரிகள் தொங்கிக்கொண்டிருந்தன, கீழே மாதக்கணக்கில் சேர்ந்த மெல்லிய பருத்தித் துண்டுகள். எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடி அலுவலகத்துக்குத் தகவல் போனது. உரிமையாளர்கள் உட்பட அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் மொட்டைமாடி வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே எட்டு நீண்ட மேஜைகள், 240 மெஷின்கள். மேஜைக்கும் மேஜைக்கும் நடுவில் நாற்காலிகள், பிரம்புக் கூடைகள். வேலை முடிந்ததும் எல்லோரும் கிரீன் தெருப் பக்கத்து வாசல் வழியாகத்தான் வரிசையாகப் போக வேண்டும். துணி திருடுகிறார்களா என்று காவலாளி கைப்பையைத் திறந்து பார்க்க வேண்டுமே! அதற்காக வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துக் கதவைப் பூட்டிவைப்பார்கள். தீ கிரீன் தெருப் பக்கத்தை அடைத்ததும் கூட்டம் மறுபக்கக் கதவில் போய் முட்டியது. திறக்கவில்லை. வெளிப்புற இரும்பு ஏணி எடை தாங்காமல் பிய்ந்து விழுந்தது. ஜோசப் ஸிட்டோ, காஸ்பர் மோர்த்திலாரோ என்ற இரண்டு லிப்ட் ஓட்டுநர்கள் முடிந்தவரை மேலே போய்ப் போய் ஆட்களைக் காப்பாற்றினார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடிவரைதான் எட்டியது. பலர் ஜன்னலிலிருந்து குதித்தார்கள். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். 123 பேர் பெண்கள். பெரும்பாலும் யூதர்களும் இத்தாலியர்களும். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தீப்பிடிக்காத கட்டடம் என்று கட்டப்பட்டது, அப்படியே நின்றது. இன்றும் நிற்கிறது.

டிசம்பரில் வழக்கு. கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது உரிமையாளர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை என்று ஜூரி விடுவித்தது. 1914இல் உயிருக்கு 75 டாலர் வீதம் ஒரு சிவில் வழக்கில் கொடுத்து முடித்தார்கள். நடுவே 1913இல் பிளாங்க் இன்னொரு தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டிவைத்ததற்காக மறுபடி பிடிபட்டார். அபராதம் 20 டாலர். இத்தனைக்குப் பிறகும் பூட்டினார் என்பதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

நீதிமன்றம் தராததைத் தெரு வாங்கிக்கொடுத்தது. ஏப்ரல் 5ஆம் தேதி கொட்டும் மழையில் லட்சக்கணக்கானவர்கள் இறுதி ஊர்வலத்துக்கு வந்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் பணக்காரர்களும் சீர்திருத்தக்காரர்களும் கூடிய கூட்டத்தில், போலந்திலிருந்து வந்த தொப்பித் தொழிலாளி ரோஸ் ஷ்னைடர்மன் பேசினார். உங்கள் அனுதாபத்தை நாங்கள் பார்த்தாகிவிட்டது, தொழிலாளிகள் தங்களைத் தாங்களேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு வலுவான தொழிலாளர் இயக்கம் ஒன்றே வழி என்பது அவர் பேச்சின் சாரம். மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் டாமனி ஹால் கட்சி இயந்திரத்தின் ஆட்கள். ஓட்டுக்கு வேலையும் நிலக்கரியும் கொடுத்து ஏழைப் பேட்டைகளைப் பிடித்துவைத்திருந்த ஊழல் அமைப்பு அது. ஆனால் வாக்னர் ஜெர்மனியிலிருந்து சிறு வயதில் வந்தவர், ஸ்மித் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்து மீன் சந்தையில் வேலை பார்த்தவர். அவர்களுடைய தொகுதி மக்கள்தான் செத்திருந்தார்கள், தொகுதி மக்கள்தான் தெருவில் நின்றார்கள். குழு தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பார்த்தது. அடுத்த சில வருடங்களில் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. தீயணைப்புப் பயிற்சி, தானியங்கி நீர்த்தெளிப்பான், பூட்டாத கதவு, பெண்களுக்கு வாரம் 54 மணி நேர உச்சவரம்பு என்று வரிசையாக. தீ விபத்தன்று தற்செயலாக அந்தப் பக்கம் இருந்து, குதித்தவர்களைக் கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் குழுவின் விசாரணைகளில் பணியாற்றினார். 1933இல் அவர் நாட்டின் தொழிலாளர் அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் அவர். வாக்னர் செனட்டராகி, 1935இல் தொழிற்சங்க உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளைப் பாருங்கள். 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைத் தொழிலாளர் போராட்டத்தைக் கார்னகி நிறுவனம் ஆயுதம் தாங்கிய தனியார் காவலர்களையும் மாநிலப் படையையும் கொண்டு உடைத்தது. அத்தோடு சங்கம் போனது. ஸ்லோவாக்கியா, போலந்துப் பகுதிகளிலிருந்து தனி ஆளாக வந்தவர்கள் ஒரே அறையில் பலராகத் தங்கினார்கள். பகல் ஷிப்ட்காரன் எழுந்த கட்டிலில் இரவு ஷிப்ட்காரன் படுப்பான், கட்டில் ஆறாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும்போது தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரம். 1906 ஜூலை முதல் ஒரே வருடத்தில் அந்த மாவட்டத்தில் 526 பேர் வேலையில் செத்தார்கள். எஃகு ஆலைத் தொழிலாளி தையல்காரியைவிடக் குறைவாகவா உழைத்தான்? ஆனாலும் அந்தப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் 1923 வரை அசையவில்லை. உழைப்பு மட்டும் போதும் என்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த ஊரைத்தான்.

மாசசூசெட்ஸ் மாநிலம் லாரன்ஸ் நகரத்தில் நேர் எதிர். கம்பளி, பருத்தி ஆலைகளில் இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள். இத்தனை மொழிக்காரர்களை ஒன்றுசேர்க்க முடியாது என்றுதான் நினைத்தார்கள். 1912 ஜனவரியில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வேலை நேரத்தை வாரம் 56இலிருந்து 54ஆகச் சட்டம் குறைத்தது. ஆலைகள் கூலியையும் சேர்த்துக் குறைத்தன. கவரைப் பிரித்த போலந்துப் பெண்கள் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டு மெஷினை விட்டு எழுந்தார்கள். கூலியில் குறைந்த தொகை 32 சென்ட். ஒரு வீட்டுக்குச் சில ரொட்டி வாங்கும் காசு. அவ்வளவு சிறிய தொகை என்று வெளியே இருப்பவனுக்குத் தோன்றும், அதைச் சாப்பிட்டுப் பிழைப்பவனுக்குத் தோன்றாது. 20,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். போராட்டக் குழுவில் ஒவ்வொரு இனத்துக்கும் பிரதிநிதிகள், ஒவ்வொரு பேச்சுக்கும் மொழிபெயர்ப்பு. பட்டினியிலிருந்து காக்கப் பிள்ளைகளை நியூயார்க்கில் ஆதரவாளர் வீடுகளுக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். பிப்ரவரி 24ஆம் தேதி ரயில் நிலையத்தில் தாய்களையும் பிள்ளைகளையும் போலீஸ் அடித்ததும் நாடே கொதித்தது. நாடாளுமன்ற விசாரணையில், மெஷினில் கூந்தல் சிக்கித் தலைத்தோல் பிய்ந்த ஒரு சிறுமி சாட்சி சொன்னாள். பதிமூன்று வயதில் அவளை ஆலைக்கு அனுப்ப, பதினாலு ஆகிவிட்டது என்று காட்டும் தாளுக்கு அப்பா 4 டாலர் கொடுத்திருந்தார். மார்ச் மாதம் கூலி உயர்ந்தது, குறைந்த கூலிக்காரர்களுக்கு அதிகமாக. அதற்குப் பிறகான வருடங்களில் அங்கே சங்கம் தேய்ந்தது, வாங்கியதில் கொஞ்சம் கைவிட்டும் போனது. வெற்றி நிரந்தரம் என்று சொன்னால் பொய்யாகும்.

இந்த ஒற்றுமைக்கு எல்லை இருந்ததையும் சொல்ல வேண்டும். நாட்டின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் தானே லண்டனில் பிறந்து சுருட்டுத் தொழிலாளியாக வந்தவர். அவரும் அந்தக் கூட்டமைப்பும் சீனர்களை நாட்டுக்குள் விடக் கூடாது என்ற 1882 சட்டத்தைத் தீவிரமாக ஆதரித்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்களைப் பல சங்கங்கள் சேர்க்கவே இல்லை. 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து வருபவர்களுக்குக் கதவைச் சாத்தியது. நம் ஊர்க்காரர்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, அமெரிக்கா என்ற வாய்ப்பு இந்தச் சட்டத்தோடு அடைபட்டது. 1924 சட்டம் இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் வரவையும் சொற்பமாகச் சுருக்கியது.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கு: ஒரு தலைமுறையில் மேலே வந்தார்கள் என்பது பாதிதான் சரி. தையல்காரியின் பிள்ளை ஆசிரியராகவோ கணக்கராகவோ ஆனதற்கு, அம்மாவின் வேலை நேரம் குறைந்ததும், பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைச் சட்டம் கட்டுப்படுத்தியதும், நகரம் இலவசப் பள்ளியும் கல்லூரியும் நடத்தியதும் காரணங்கள். அவற்றில் பலவற்றைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்களே. காலியான தையல் மெஷின்களில் புவேர்ட்டோ ரிக்கோ பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு சீனப் பெண்கள். 1982 ஜூனில் நியூயார்க் சைனாடவுனின் சீனக் கான்ட்ராக்டர்கள் சங்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார்கள். நம் ஆட்கள் நமக்கு எதிராகப் போக மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. சுமார் 20,000 தையல் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், கொலம்பஸ் பூங்காவில் திரண்டார்கள். சில நாட்களில் கான்ட்ராக்டர்கள் கையெழுத்திட்டார்கள்.